அபலையாக மறுத்த காரைக்கால் பேய்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் செய்து வைப்பார்கள். பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு.

ஒரு திருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "கல்யாணத்துக்கும் மாம்பழத்துக்கும் ஊரே கூடுது. ஆனா அந்தம்மா தன்னைப் பேய்னுதானே சொல்லிக்கிட்டாங்க? அதைப் பத்தி ஏன் யாரும் பேசுறதில்ல?"

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய உரையாடல் புராணம், சினிமா, வெண்மணி, உடுமலை என்று பல வாரங்கள் நீண்டது. காப்பாற்றப்படக் காத்திருக்கும் பெண் என்கிற பிம்பம் எங்கிருந்து வருகிறது, அது யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் அதன் மையம். அங்கே பேசியதைத் தொகுத்து இளம் தோழர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

அபலை என்கிற அச்சு

அபலை என்றால் பலம் இல்லாதவள் என்று பொருள். நாளிதழ்களில் 'அபலைப் பெண்' என்ற சொல் இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. சினிமாவில் அவளை நமக்கு நன்றாகவே தெரியும். வில்லன் கையைப் பிடித்து இழுப்பான், அவள் அலறுவாள், கதவை உடைத்துக்கொண்டு நாயகன் வருவான். நாயகன் வரத் தாமதமானால் அவள் சாக வேண்டும். எத்தனை படங்களில் நாயகனின் தங்கை 'களங்கப்பட்டு' தூக்கில் தொங்கியிருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அவளுடைய சாவு நாயகனின் கோபத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

இந்தக் கதை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. கிரேக்கப் புராணத்தில் எத்தியோப்பிய அரசனின் மகள் ஆந்திரோமேடாவைக் கடற்பாறையில் சங்கிலியால் கட்டிவைக்கிறார்கள். தாய் பேசிய கர்வப் பேச்சுக்கு மகள் கடல்விலங்குக்கு இரை. அந்த வழியாக வந்த வீரன் பெர்சியஸ், விலங்கைக் கொல்வதற்கு முன்பே பெண்ணைப் பெற்றவர்களிடம் பேரம் பேசுகிறான்: காப்பாற்றினால் அவளை எனக்குத் தர வேண்டும். ரோமானியக் கவிஞர் ஓவிட் அவளைக் கருநிறத்தவள் என்றே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் பின்வந்த நூற்றாண்டுகளின் ஐரோப்பிய ஓவியர்கள் பெரும்பாலோர் அவளை வெள்ளைத் தோலோடுதான் வரைந்தார்கள். காப்பாற்றத் தகுந்தவள் என்றால் அவள் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கை தானாகவே முடிவு செய்துவிட்டது.

இந்தக் கதை வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் வேண்டும். அவள் உயர்ந்த குலத்தவளாகவும் அழகியாகவும் இருக்க வேண்டும். அவளைப் பற்றிய பேரத்தை ஆண்கள் தங்களுக்குள் முடித்துக்கொள்ள, அவள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். காப்பாற்றப்பட்ட பிறகு அவள் காப்பாற்றியவனுக்கு உரியவளாக, தன் தூய்மையை நிரூபிக்கக் கடமைப்பட்டவளாக இருக்க வேண்டும். இராவணனிடமிருந்து மீட்கப்பட்ட சீதை அடுத்து எங்கே போனாள்? தீக்குள் போனாள்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நம் மரபு வகுத்த இலக்கணத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு இதில் எது பொருந்தும்? கூலி குறைந்தால் வரப்பில் நின்று சத்தம் போடுகிறவளுக்கு மடம் எங்கே, நாணம் எங்கே? அந்த இலக்கணத்தின் 'பெண்' என்ற சொல்லுக்குள் நம் அம்மாக்கள் ஒருபோதும் இருந்ததில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத், 1851இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் எழுந்து கேட்டதும் இதைத்தான். வெள்ளைச் சீமாட்டிகளின் மென்மையை வைத்து வகுத்த 'பெண்' என்ற வார்த்தைக்குள், உழைத்துக் காய்த்த கைகளைக் கொண்ட தன்னைப் போன்றவர்களுக்கு இடமுண்டா என்பது அவர் கேள்வி.

இங்கே இதன் வேர் சாதியில் இருக்கிறது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், அகமணமுறைதான் சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெண்களைக் கட்டுப்படுத்திய வழிகள் என்று காட்டினார். சாதியின் வேலி பெண்ணின் உடல் வழியாகத்தான் போகிறது. அந்த வேலிக்குக் காவல் என்று வெளிப்படையாகச் சொன்னால் அசிங்கமாக இருக்கும். அபலையைக் காப்பது என்று சொன்னால் வீரமாகிவிடுகிறது.

புனிதவதி எப்போது வந்தாள்?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். காரைக்கால் அம்மையார் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவர் பாடியவை. அவற்றில் மாம்பழம் இல்லை, பரமதத்தன் இல்லை, திருமணம் இல்லை. சுடுகாடு இருக்கிறது. உடல் வற்றி, கண் உள்ளே போய், பிணங்களுக்கு நடுவே வாழும் பெண்பேய் இருக்கிறது. பாடலின் முடிவில் தன் பெயரைச் சொல்லும்போது அவர் வைக்கும் கையெழுத்து 'காரைக்கால் பேய்'. பின்னால் வந்த சுந்தரரும் திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்றே குறிக்கிறார்.

வணிகன் தனதத்தனின் அழகு மகள் புனிதவதி, நாகப்பட்டினத்து மாப்பிள்ளை, வரவழைத்த மாங்கனி, பயந்துபோய்க் கப்பலேறி ஓடிய கணவன், பாண்டிய நாட்டில் அவனுடைய இரண்டாம் திருமணம் என்று நாம் அறிந்த கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் விரிவாகச் சொல்கிறார். பேய் முதலில் வந்தது. மனைவி பல நூற்றாண்டுகள் கழித்து வந்தாள்.

சேக்கிழாரின் கதையிலும் ஓர் இடத்தைக் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்ட புனிதவதியை உறவினர்கள் சிவிகையில் ஏற்றிக் கணவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அபலையை உரியவனிடம் ஒப்படைக்கும் காட்சி அது. அவனோ தன் புது மனைவி, மகளோடு வந்து அவள் காலில் விழுகிறான். அவளை ஏற்றுக்கொள்ள ஆளில்லை, திருப்பி அனுப்பவும் இடமில்லை. அந்த நிலையில் அவள் இன்னொரு பாதுகாவலனைத் தேடவில்லை. கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அந்தச் சதையையே உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறாள். பிறகு தலையாலேயே நடந்து கயிலாயம் போகிறாள்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இந்தப் பேயை மறைக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மையார், எலும்பு தெரிய உட்கார்ந்து கையில் தாளத்தோடு பாடுகிறார். ஆனால் 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும், பின்னர் அம்மையாராக கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். அழகான மனைவிக்கு ஒருவர், வணங்கத்தக்க பாட்டிக்கு ஒருவர். இந்த இரண்டுக்கும் நடுவே பேய் காணாமல் போனது.

அம்மையார் வணிகக் குலத்தவர். அவரைத் தலித் அடையாளமாக ஆக்க நாங்கள் முயலவில்லை. காப்பாற்றப்பட மறுத்த பெண்ணுக்கு நம் சமூகம் என்ன பெயர் வைக்கிறது என்பதை அவர் வழியாகப் பார்க்கலாம் என்கிறோம். பேய், பிடாரி, அடங்காப்பிடாரி. பிடாரி என்பது ஊர் எல்லையில் நிற்கும் நம் தெய்வத்தின் பெயர். அது வசவாக மாறியது தற்செயல் இல்லை. பாமாவின் 'சங்கதி' (1994) நாவலிலும் பேய் வருகிறது. நம் பெண்களை மட்டும் ஏன் பேய் பிடிக்கிறது என்று கேட்டு, வயலிலும் வீட்டிலும் அவர்கள் சுமக்கும் பாரத்தில் அதற்குப் பதில் தேடுகிறார் அவர்.

நந்தனைக் காத்திருக்க வைத்தவர்கள்

அபலை எப்போதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இதற்கான சான்றும் காரைக்காலோடு தொடர்புடையதுதான். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1860களின் தொடக்கத்தில் அச்சானது. அதற்கு ஆதரவளித்தவர் காரைக்காலில் பணியாற்றிய சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி.

சேக்கிழாரின் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தின் விளைச்சலில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அந்தக் கதையில் பிராமணப் பண்ணையார் யாரும் கிடையாது. வேதியரைக் கொண்டுவந்தது கோபாலகிருஷ்ண பாரதி. இவருடைய நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறவர். நாற்பது வேலி நிலத்தை நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே இரவில் கடவுள் அதை விளைய வைக்கிறார்.

19ஆம் நூற்றாண்டுப் பண்ணையடிமை முறையின் கொடுமையை மேடையில் பாட்டாகக் கேட்க வைத்தது பாரதியின் சாதனை. அதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வேலியில் வியர்வை சிந்திய சேரி மக்களின் உழைப்பைக் கடவுளின் கணக்கில் எழுதியதும் அதே கதைதான். சேக்கிழாரிலும் சரி, பாரதியிலும் சரி, நந்தன் தில்லைக்குள் நுழையத் தீயில் இறங்கித்தான் ஆக வேண்டும். சேக்கிழாரில் அவர் பூணூல் தரித்த முனிவராக வெளியே வருகிறார். சீதைக்கு வைத்த அதே தேர்வு, அதே தீ. மீட்கப்படுகிறவர் தூய்மையை நிரூபிக்க வேண்டும். மீட்கிறவருக்கு எந்தத் தேர்வும் இல்லை.

1935இல் 'பக்த நந்தனார்' படமானபோது நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய 1 லட்சம் ரூபாய் ஊதியம் அந்தக் காலத்தில் பெரும் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் நடித்தார். ஆண்டையிடம் கெஞ்சும் தாழ்த்தப்பட்ட ஆணின் வேடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது அன்றைய ரசிகர்களுக்கு இயல்பாகவே பொருந்தியது. பிற்பாடு காரைக்கால் அம்மையாராகவும் அதே சுந்தராம்பாள் நடித்தார் என்பதை மேலே பார்த்தோம்.

நந்தன் கதை அச்சேறிய அதே காலத்தில் காரைக்கால் துறைமுகத்தில் என்ன நடந்தது? 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியக் கூலிகளைப் பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஏற்றிச் செல்ல வழி திறந்தது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. டெல்டாவின் பண்ணைகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அவற்றில் ஏறினார்கள். பெண்களும் இருந்தார்கள். தரகர்களின் பொய்யும் கடனும் பஞ்சமும் அவர்களைத் தள்ளின. போன இடத்திலும் சவுக்குக் காத்திருந்தது. அதை விடுதலை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் புத்தகத்து நந்தன் ஆண்டையின் உத்தரவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, நிஜ நந்தன்களும் நந்தினிகளும் உத்தரவு கேட்காமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

வெண்மணியில் யாரும் காத்திருக்கவில்லை

காரைக்காலுக்குத் தென்மேற்கே, கீழ்வேளூர் பக்கம் இருக்கிறது கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

நம் சுவரொட்டிகளில் அவர்கள் கருகிய உடல்களாக மட்டுமே வருகிறார்கள். அவர்கள் ஏன் கொல்லப்பட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு வர மறுத்தார்கள். சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து 1940களிலிருந்து கீழத்தஞ்சையில் கட்டப்பட்ட இயக்கத்தின் தொடர்ச்சி அவர்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர்கள் திரண்டது இந்தப் போராட்டத்தை உடைக்கத்தான். வெண்மணியின் பெண்கள் பலம் இல்லாதவர்கள் என்பதால் எரிக்கப்படவில்லை. அவர்களுடைய பலத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் எரித்தார்கள்.

கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற வாதம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அபலைக் கதையில் வில்லன் பார்த்தாலே தெரியும் முரடனாக இருப்பான். கார் வைத்திருக்கும் கனவானை வில்லனாக அந்தக் கதை யோசிப்பதில்லை. நீதிமன்றமும் யோசிக்கவில்லை.

இலக்கியமும் தப்பவில்லை. வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து வந்த படித்த ஆண்களின் கண் வழியாகக் கிராமத்தைப் பார்க்கும் அந்த நாவல், பண்ணையாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறையில் காரணம் தேடுகிறது. கூலி கேட்டவர்கள் பின்னணிக்குப் போய்விட்டார்கள்.

'நம் பெண்களைக் காப்போம்'

இந்தக் கதை பழைய காலத்தோடு முடியவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஆதிக்க சாதிப் பெண் ஒருவர் இளவரசன் என்ற தலித் இளைஞரைத் தானே விரும்பி மணந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 'நாடகக் காதல்' என்ற பிரச்சாரம் அதையொட்டி ஊர் ஊராகப் போனது. அந்தச் சொல்லுக்குள் பாருங்கள், அதே மூன்று வேடங்கள்: ஏமாந்த பேதைப் பெண், கண்ணாடியும் ஜீன்ஸும் போட்ட வில்லன், மீட்க வரும் சாதி. அவள் தானாக முடிவெடுத்திருக்கலாம் என்பதற்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டிக் கொன்றதும் இப்படி 'மீட்க' வந்தவர்களின் கூட்டம்தான். மீட்கப்பட வேண்டியவள் என்று அவர்கள் நினைத்த கௌசல்யாவையும் சேர்த்து வெட்டினார்கள். அவர் பிழைத்தார். பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய நாளிலிருந்து கௌசல்யா மீது வீசப்பட்ட வசவுகளை நாம் அறிவோம். அபலையாக இருக்க மறுத்தால் பேய்ப் பட்டம் கட்டுவது இன்றும் தொடர்கிறது.

நம் கையிலிருக்கும் பேனா

கடைசியாக எங்கள் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா கிராமம் ஒன்றில், கூலி பாக்கி கேட்டதற்காகத் தாக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி உண்மை அறியும் அறிக்கை எழுதினோம். 'கணவனை இழந்த அபலைப் பெண்' என்று தொடங்கினோம். அழுத முகத்தைப் படம் எடுத்துச் சேர்த்தோம். வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "நான் மூணு தடவ ஸ்டேஷனுக்கு நடந்தேனே, அது எங்கம்மா? பத்து பேர கூட்டிக்கிட்டு அவன் வீட்டு வாசல்ல உக்காந்தேனே, அது எங்க? அழுதத மட்டும் எழுதிருக்கீங்க." எங்களிடம் பதில் இல்லை. இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அவருடைய போராட்டத்தை நாங்களே வெட்டிப் போட்டிருந்தோம். அறிக்கையைத் திருத்தி எழுதினோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவைப் படியுங்கள். நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றி உரிய நேரத்தில் தகவல் பெறவும், ஜாமீன் மனு உள்ளிட்ட கட்டங்களில் தன் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு அது உரிமை தருகிறது. அவருக்காக நாம் பேசுவதை விட, அந்த உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தெரியப்படுத்தி, அவர் பேசும்போது பக்கத்தில் நிற்பது நம் வேலை.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்தார். 1981இல் தன் கணவரோடு 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, 10,000க்கும் மேற்பட்ட நிலமற்ற குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர் அளவில் நிலம் கிடைக்கச் செய்தார். பட்டா பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. காப்பாற்றுகிறவன் கையில் பெண்ணை ஒப்படைப்பதுதான் பழைய கதையின் முடிவு. இங்கே பெண்ணின் கையில் நிலம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் இறால் பண்ணைகள் அந்த நிலங்களை உப்பாக்க வந்தபோது மறியலில் உட்கார்ந்தவர்களும் அதே பெண்கள்தான். அவருடைய கணவர் ஜெகநாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எனவே தோழர்களே, அடுத்த முறை ஒரு வன்கொடுமையைப் பற்றி எழுதும்போது முதல் வரியை எழுதியதும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் என்ன கேட்டார், எங்கே போனார், யாரைத் திரட்டினார், எதை மறுத்தார் என்று விசாரியுங்கள். அதை முதலில் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். படம் பார்க்கும்போதும் நாவல் படிக்கும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

அந்த மாணவி அடுத்த ஆனித் திருவிழாவுக்குள் வாசிப்பு வட்டத்தில் அம்மையாரின் பதிகங்களைப் படித்துப் பேசுவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். சுடுகாட்டிலிருந்து தொடங்கப் போகிறாராம். நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.